வெயில் அடித்தால் போதுமா?

கேள்வி: சுவிட்சர்லாந்தில் பனிச்சறுக்குக்குப் போகிறவர்கள் வானிலை அறிக்கை பார்த்தால் போதாதா? பனிச்சரிவு அறிக்கை தனியாக எதற்கு?

பதில்: போதாது. நாளை வெயில் என்ற கணிப்பு பலித்தே விடலாம். ஆனால் நேற்றைய காற்று மலைமுகட்டின் மறுபுறம் குவித்த பனி, அடியிலுள்ள வலுவற்ற படலத்தின் மேல் பிடிப்பில்லாமல் கிடக்கும். ஒரே ஆளின் எடை அதைப் பெயர்த்துவிடும். அதனால்தான் டாவோஸ் நகரின் பனி ஆய்வு நிறுவனம் குளிர்காலத்தில் தினமும் மாலை 5 மணிக்கு அறிக்கை வெளியிடுகிறது. அபாயம் 1 முதல் 5 வரை. 3 என்றால் நடுத்தரம்தானே என்று தயவுசெய்து நினைக்காதீர்கள். உயிரிழப்புகள் மிகுதியாக நேர்வது அந்த நிலையில்தான். எந்தத் திசைச் சரிவு, எந்த உயரம் என்பதையும் படியுங்கள். 3 அறிவிக்கப்பட்ட நாளில், குறியிட்ட தடங்களை விட்டு விலகவே வேண்டாம்.