மறைந்த ஐகான்கள் எங்கே?

ஆபீஸ் கம்ப்யூட்டரில் விண்டோஸ் 10 இருக்கிறது. டெஸ்க்டாப் ஐகான்கள் அடிக்கடி மறைந்துவிடுகின்றன. ஃபைல்களும் அழிந்திருக்குமோ என்று பயமாக இருக்கிறது. என்ன செய்யலாம்? – வாசகி, ஈரோடு

பயப்படாதீர்கள், பெரும்பாலும் ஃபைல்கள் பத்திரமாகவே இருக்கும். எல்லா ஐகான்களும் ஒரேயடியாக மறைந்தால், திரையின் காலி இடத்தில் ரைட் கிளிக் செய்து, 'வியூ'வில் 'ஷோ டெஸ்க்டாப் ஐகான்ஸ்' என்பதில் டிக் இருக்கிறதா என்று பாருங்கள். கைதவறி அது போயிருக்கும். டேப்லெட் மோடு ஆன் ஆகியிருந்தாலும் இதே கதைதான்.

டிக் இருந்தும் சில மட்டும் காணோமா? ஒன்டிரைவ் பேக்கப்பை யாராவது ஆன் செய்தோ ஆஃப் செய்தோ இருக்கலாம். அப்போது டெஸ்க்டாப் ஃபோல்டரே இடம் மாறிவிடும். ஒன்டிரைவுக்குள் இருக்கும் டெஸ்க்டாப் ஃபோல்டரையும், சி டிரைவில் 'யூசர்ஸ்' என்பதற்குள் உங்கள் பெயரில் இருப்பதையும் திறந்து தேடுங்கள்.

ஒன்றை மட்டும் அலட்சியம் செய்யாதீர்கள். லாகின் செய்ததும் வால்பேப்பர்கூட மாறி, புதுக் கம்ப்யூட்டர் மாதிரி வெறுமையாக வந்தால், நீங்கள் இருப்பது தற்காலிக புரொஃபைலில். அதில் டெஸ்க்டாப்பில் சேமிப்பதெல்லாம் சைன் அவுட் செய்ததும் அழிந்துவிடும். அன்று செய்த வேலையை முதலில் நெட்வொர்க் டிரைவுக்கு மாற்றுங்கள். அடுத்த நிமிடமே ஐ.டி. பிரிவைக் கூப்பிடுங்கள்.