வங்கியில் இருப்பது அமானிதமா, கடனா?



"பணத்தை பேங்கில் பத்திரமாக வைத்திருக்கிறேன்" என்று சொல்லாத வீடு நம் ஊரில் இல்லை. மகளின் நிக்காஹ்வுக்கு, ஹஜ்ஜுக்கு, அத்தாவின் வைத்தியத்துக்கு என்று சேர்த்த பணம். அது ஏதோ ஒரு பெட்டியில் நம் பெயர் எழுதி வைக்கப்பட்டிருப்பதாகவே பலரும் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. யாரையும் பயமுறுத்த இதை எழுதவில்லை. விவரம் தெரிந்து பணத்தைப் போட வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன்.

ஏலக்காய் விற்ற ஒரு லட்சத்தை ஒருவர் போடியில் ஒரு வங்கியில் போடுகிறார். இப்போதைய விதிப்படி அதில் 3 சதவீதத்தை வங்கி ரொக்க இருப்பாக ரிசர்வ் வங்கியில் வைக்க வேண்டும். இன்னொரு 18 சதவீதம் பெரும்பாலும் அரசுக் கடன் பத்திரங்களாக இருக்கும். மீதி 79,000 ரூபாயைக் கடன் கொடுக்கலாம். அதை வாங்கிய கடைக்காரர் சரக்கு போட்டவருக்குக் கொடுக்கிறார். அவர் தன் வங்கியில் போடுகிறார். அங்கும் 21 சதவீதம் ஒதுக்கியது போக 62,410 ரூபாய் கடனாகப் போகிறது. இப்படியே போனால், முதலில் வந்த ஒரு லட்சத்தை வைத்து எல்லாப் பாஸ்புக்கிலும் சேர்த்து சுமார் 4 லட்சத்து 76 ஆயிரம் வரை வரவு ஏறும். பகுதி இருப்பு வங்கி முறை என்பது இதுதான்.

இது கல்லூரிப் பாடப்புத்தகக் கணக்கு. நடைமுறையில் கடன் அனுமதியானதும் வங்கி அந்தத் தொகையை வாங்கியவர் கணக்கில் வரவு எழுதிவிடுகிறது. பணம் பெரும்பாலும் இப்படித்தான் உண்டாகிறது என்று இங்கிலாந்து மத்திய வங்கியே 2014-இல் விளக்கம் வெளியிட்டது. "வங்கிகள் ஒன்றுமில்லாததிலிருந்து பணம் உண்டாக்குகின்றன" என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் செய்தியில் உள்ள உண்மை இவ்வளவுதான். இஷ்டத்துக்கு உண்டாக்கிவிட முடியாது. கொடுத்த கடன் திரும்ப வேண்டும், வங்கிக்குச் சொந்த மூலதனம் வேண்டும்.

பணம் போட்டவர்கள் எல்லோரும் ஒரே நாளில் கேட்டு வருவதில்லை என்பதால்தான் இந்த ஏற்பாடு நிற்கிறது. பறிப்புக் காலத்தில் தோட்டக்காரர் கூலிக்காகப் பணம் எடுக்கும் அதே வாரத்தில், காய் விற்ற இன்னொருவருக்குப் பணம் வந்து சேருகிறது. ஆனால் கொடுத்த கடனே மூழ்கினால்?

நம் மலைக்கு மேற்கே கோட்டயம் மாவட்டத்தில் 1927-இல் தொடங்கியது பாலாய் சென்ட்ரல் வங்கி. கேரளத்தின் பெரிய வங்கியாக வளர்ந்தது. இன்றைய இடுக்கி மலையில் குடியேறிய பல குடும்பங்களின் பூர்வீகம் அந்தப் பக்கம்தான். 1960 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கியே கேரள உயர்நீதிமன்றத்தில் மனு கொடுத்து அதை மூட வைத்தது. அவசரப்பட்டுவிட்டார்கள் என்று அன்றே பெரிய சர்ச்சை எழுந்தது. எது எப்படியோ, அந்த அதிர்ச்சிக்குப் பிறகுதான் 1962 ஜனவரி 1 முதல் நம் நாட்டில் வைப்புத்தொகைக் காப்பீடு வந்தது. அன்று உச்சவரம்பு 1,500 ரூபாய். 2020 பிப்ரவரி முதல் 5 லட்சம்.

அதே 2020-இல், நவம்பர் 17 அன்று, கரூரில் 1926-இல் தொடங்கிய லட்சுமி விலாஸ் வங்கியில் ஒருவர் 25,000 ரூபாய்க்கு மேல் எடுக்க முடியாது என்று உத்தரவு வந்தது. பத்தே நாளில் அது டி.பி.எஸ். வங்கியோடு இணைக்கப்பட்டது. பணம் போட்டவர்கள் தப்பினார்கள். பங்கு வைத்திருந்தவர்களுக்கு ஒன்றும் மிஞ்சவில்லை.

இப்போது தலைப்புக்கு வருகிறேன். அமானிதம் என்றால், கொடுத்த பொருளை அப்படியே காத்துத் திருப்ப வேண்டும். எடுத்துப் புழங்கக் கூடாது. காப்பவர் கவனமாக இருந்தும் அது தொலைந்தால், ஈடு கட்ட வேண்டியதில்லை. கடன் வேறு. வாங்கியவர் செலவழிக்கலாம், ஆனால் என்ன நடந்தாலும் திருப்பித் தர வேண்டும். ஜுபைர் இப்னு அவ்வாம் (ரலி) அவர்களிடம் மக்கள் பணத்தை அமானிதமாகக் கொண்டுவருவார்கள். தொலைந்துவிடுமோ என்று அஞ்சி, அதைக் கடனாகவே ஏற்பார்கள் என்று புகாரீயில் வருகிறது. அவர்கள் ஷஹீதானபோது மகன் அப்துல்லாஹ் (ரலி) கணக்கிட்ட கடன் 22 லட்சம். கையில் தீனாரும் இல்லை, திர்ஹமும் இல்லை. நிலமும் வீடுகளும் இருந்தன. ஃகாபா நிலத்தை விற்று எல்லாக் கடனையும் அடைத்தார் மகன். அதன் பிறகும் நான்கு வருடம் ஹஜ் காலத்தில், கடன் பாக்கி உள்ளவர் வரலாம் என்று அறிவித்த பின்பே சொத்தைப் பங்கிட்டார்.

ரொக்கம் இல்லாதது அங்கே மோசடி ஆகவில்லை. கடனுக்கு ஈடாகச் சொத்து இருந்தது, அது கடன் என்று இரு தரப்புக்கும் தெரிந்திருந்தது. நம் வங்கிக் கணக்கும் சட்டப்படி கடன்தான்; வங்கி கடனாளி, நாம் கொடுத்தவர். அதனால்தான் அதன் மேல் வரும் கூடுதலை வட்டி என்று பெரும்பாலான உலமாக்கள் சொல்கிறார்கள். இந்த முறையில் எனக்குள்ள குறை, கடனை வாங்கிக்கொண்டு அமானிதம் போலப் பேசுவதுதான்.

முழுத் தொகையையும் இருப்பில் வைக்க வேண்டும் என்று 1930-களில் அமெரிக்கப் பொருளாதார அறிஞர் இர்விங் ஃபிஷர் வாதிட்டார். 2018 ஜூனில் சுவிட்சர்லாந்து மக்கள் இதற்கு ஒப்பான ஒரு திட்டத்தை வாக்கெடுப்பில் நிராகரித்தார்கள். நான்கில் மூன்று பங்கு எதிர்ப்பு. கடன் சுருங்கிவிடும் என்பது எதிர்த்தவர்களின் வாதம். ஏலத்தோட்டத்துக்குப் பயிர்க்கடன் வாங்கியவருக்கு அந்தக் கவலை புரியும்.

வட்டிக்குப் பயந்து வங்கியை விட்டு விலகுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. பெங்களூரில் ஹலால் லாபம் என்று விளம்பரம் செய்த ஐ.எம்.ஏ. நிறுவனம் 2019 ஜூனில் சரிந்தபோது ஆயிரக்கணக்கான முஸ்லிம் குடும்பங்களின் சேமிப்பு போயிற்று. அங்கே ரொக்க இருப்பு விதி இல்லை, காப்பீடும் இல்லை. யாராவது பணம் கேட்டால், அது அமானிதமா, கடனா, லாப நஷ்டக் கூட்டா என்று எழுத்தில் கேளுங்கள்.

காப்பீடு ஒரு வங்கியில் ஒருவருக்கு, எல்லாக் கிளைகளும் சேர்த்து, அசலும் வட்டியும் சேர்த்து, 5 லட்சம்தான். வங்கி முடக்கப்பட்டால் 90 நாளுக்குள் தர வேண்டும் என்பது 2021-இல் வந்த சட்டத் திருத்தம். தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுச் சங்கம், நிதி நிறுவனம், நகைக்கடைச் சேமிப்பு, சீட்டு ஆகியவற்றுக்கு இந்தக் காப்பீடு கிடையாது. யத்தீம் பிள்ளைகளின் பணத்தை வைத்திருக்கும் குடும்பத்தார் இதை முதலில் பார்க்க வேண்டும். ரசீது புரியாதவர்கள் வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு அறக்கட்டளை அலுவலகத்துக்குக் கொண்டு வரலாம். படித்துச் சொல்கிறோம், இன்ஷா அல்லாஹ்.