ஓடாமல் ஆட்டத்தை ஓட்டியவர்

கேள்வி: அர்ஜென்டினாவின் கால்பந்து வீரர் ரிக்கெல்மேவை மேதை என்கிறார்கள். ஆனால் ஐரோப்பாவில் அவர் பெரிய கோப்பை எதுவும் வெல்லவில்லையே?

பதில்: கோப்பைக் கணக்கைப் பார்த்தாலும் அவர் குறைந்தவர் அல்ல. அர்ஜென்டினாவின் போகா ஜூனியர்ஸ் அணிக்காக 2000, 2001, 2007 என மூன்று முறை, தென் அமெரிக்க கிளப்களுக்கான லிபர்டடோரெஸ் கோப்பையை வென்றார். 2000இல் டோக்கியோவில் ரியல் மாட்ரிட்டை 2-1 என வீழ்த்திய ஆட்டத்தில், தன் பாதியிலிருந்து அவர் அனுப்பிய நீண்ட பாஸில்தான் சக வீரர் பலெர்மோ இரண்டாவது கோலை அடித்தார். 2008 ஒலிம்பிக்கில் தங்கமும் வென்றார்.

பார்சிலோனாவில் பயிற்சியாளர் வான் கால் அவரை ஓரத்துக்குத் தள்ளினார். நடுவில் நின்று ஆட்டத்தின் வேகத்தைத் தீர்மானிப்பவரை ஓரத்தில் நிறுத்தினால் என்ன மிஞ்சும்? பிறகு வந்த வில்லாரியல் அணி அவரை நம்பி நடுவில் நிறுத்தியது. அந்தச் சின்ன ஊரின் அணி 2006இல் சாம்பியன்ஸ் லீக் அரையிறுதி வரை போனது. அந்த அரையிறுதியில் ஆர்சனலுக்கு எதிராகக் கடைசி நிமிடங்களில் கிடைத்த பெனால்டியை அவர் அடித்தார். ஆர்சனல் கோல்கீப்பர் லேமன் இடப்பக்கம் பாய்ந்து தடுத்துவிட்டார். அந்த ஒரு உதையை வைத்து அவரை எடைபோடுவது அநியாயம்.

அவர் ஆடிய பழைய ஆட்டம் ஒன்றைப் பாருங்கள். பந்தைப் பாதத்தின் அடியில் அழுத்திக்கொண்டு, எதிராளிக்கு முதுகு காட்டி, தலை நிமிர்ந்து நிற்பார். அவசரமே இருக்காது. மற்றவர்கள் ஓடி ஓய்ந்த கணத்தில் பாஸ் புறப்படும். பந்து ஓடினால் போதும் என்று நம்பியவர் அவர். என்னைப் பொறுத்தவரை, அந்தப் பொறுமைதான் மேதைமை.