அந்த 13 எழுத்துகள்

கேள்வி: பரணைச் சுத்தம் செய்தபோது தாத்தாவின் கல்யாணப் பத்திரிகை கிடைத்தது. 1956-இல் அச்சடித்தது. அதில் ‘அண்ணாமலை’ என்ற பெயரில் ‘ணா’வும் ‘லை’யும் விசித்திரமாக இருக்கின்றன. அச்சகத்தார் செய்த அலங்காரமா?
– வாசகி, மன்னார்குடி

பதில்: அலங்காரம் இல்லை அம்மா. அன்றைக்குத் தமிழ்நாடே அப்படித்தான் எழுதியது. ‘கா’, ‘மா’ எழுதும்போது பக்கத்தில் தனியாகக் கால் போடுகிறோம். ண, ற, ன மூன்றுக்கும் மட்டும் அந்தக் கால் கிடையாது. எழுத்தின் வாலையே கீழே இழுத்துச் சுழித்துவிடுவார்கள். ‘கை’, ‘மை’ எழுதும்போது முன்னால் இணைக்கொம்பு வரும். ண, ல, ள, ன நான்குக்கும் அதற்குப் பதிலாக யானைத் தும்பிக்கை மாதிரி ஒரு வளைவு எழுத்தோடு ஒட்டியே வரும். உங்கள் தாத்தாவின் பத்திரிகையில் ‘காலை’, ‘மாலை’ என்று எங்கே இருந்தாலும் அந்தத் தும்பிக்கையைப் பார்க்கலாம்.

ணா, றா, னா. ணொ, றொ, னொ. ணோ, றோ, னோ. ணை, லை, ளை, னை. மொத்தம் 13. கையெழுத்தில் கூட்டி எழுதிய வடிவங்கள் இவை. அச்சு வந்தபோது அவற்றை அப்படியே ஈயத்தில் வார்த்துவிட்டார்கள். அதனால் அச்சுக் கோப்பவருக்குத்தான் கூடுதல் வேலை. காலும் இணைக்கொம்பும் எழுத்துப் பெட்டியில் தயாராக இருந்தும், இந்தச் சில எழுத்துகளுக்காகத் தனி அச்சுகளை வார்த்துத் தனி அறைகளில் போட்டுவைக்க வேண்டும். எழுதப் பழகும் குழந்தையும் விதியை ஒரு பக்கம், விலக்கை ஒரு பக்கம் படிக்க வேண்டும்.

இதை முதலில் துணிந்து மாற்றியவர் பெரியார். 1935 ஜனவரியில் தம் ‘குடிஅரசு’ இதழிலேயே புதிய வடிவங்களை அச்சிடத் தொடங்கிவிட்டார். அரசு ஏற்க 43 ஆண்டுகள் ஆயின. பெரியார் நூற்றாண்டையொட்டி, எம்.ஜி.ஆர். முதல்வராக இருந்தபோது, 1978 அக்டோபரில் ஆணை வந்தது. நான் இதைப் பெரிய காரியமாகவே மதிக்கிறேன். ஒலி ஒன்றும் குறையவில்லை, 247 என்ற கணக்கும் மாறவில்லை. பிள்ளைகளின் சுமை மட்டும் இறங்கியது.

கேள்வி: பெரியார் ‘ஐ’யை ‘அய்’ என்றுதானே எழுதினார்? அது ஏன் பாடநூலில் இல்லை?
– வாசகர், ஈரோடு

பதில்: அந்த யோசனையை 1978 ஆணை ஏற்கவில்லை. ‘ஐ’, ‘ஔ’ இரண்டும் நெடுங்கணக்கில் அப்படியே நீடித்தன. இன்றும் ‘அய்யா’ என்று விரும்பி எழுதுகிறவர்கள் உண்டு. அதில் பிழை காண நான் வரமாட்டேன்.

கேள்வி: பெரியாருக்கு முன்பு யாருமே எழுத்தில் கைவைக்கவில்லையா?
– வாசகர், காரைக்குடி

பதில்: வைத்தார்கள். ஏகாரத்தையும் ஓகாரத்தையும் இன்று நாம் எழுதும் முறை வீரமாமுனிவர் பெயரோடு சேர்த்தே சொல்லப்படுகிறது. இத்தாலியிலிருந்து வந்து, 18-ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் இங்கே தமிழ்ப்பணி செய்தவர். தொல்காப்பிய முறைப்படி குறில்களான எகரத்துக்கும் ஒகரத்துக்கும் மேலே புள்ளி வைக்க வேண்டும். புள்ளி இல்லாவிட்டால் நெடில். ஆனால் ஓலைச்சுவடிகளில் பெரும்பாலும் புள்ளியே வைக்கமாட்டார்கள். குத்தினால் ஓலை கிழியும் என்று காரணம் சொல்வதுண்டு. கிழியாத கல்லிலும் பல இடங்களில் புள்ளி இல்லையே! அதனால் அந்த விளக்கம் மட்டும் எனக்குப் போதவில்லை. காரணம் எதுவானாலும், சுவடியில் ‘செறு’வா ‘சேறு’வா என்பதை இடம் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டியிருந்தது. ஒற்றைக்கொம்பை மேலே சுழித்தால் நெடில் என்று ஆன பிறகு அந்தக் குழப்பம் தீர்ந்தது.

கேள்வி: என் மகள் ஒன்பதாம் வகுப்பு. பழைய புத்தகத்தைக் கொடுத்தால் திணறுகிறாள். இனி அதைக் கற்றுக்கொண்டு என்ன பயன்?
– வாசகி, திண்டுக்கல்

பதில்: பயன் நிறைய. உ.வே.சா. பதிப்பித்த நூல்கள், பாரதியார் காலத்துப் பத்திரிகைகள், உங்கள் வீட்டுப் பழைய கடிதங்கள், கிரயப் பத்திரங்கள் எல்லாம் அந்த எழுத்தில்தான் இருக்கின்றன. கணினியிலும் தடையில்லை. ஒருங்குறியில் பழைய ‘லை’க்கும் புதிய ‘லை’க்கும் குறியீடு ஒன்றுதான், உருவம் எழுத்துருவைப் பொறுத்தது. புது வடிவத்தில் எழுதட்டும், பழையதைப் படிக்கவும் தெரியட்டும். மேலே சொன்ன 13 எழுத்துகளையும் ஒரு தாளில் பழைய வடிவத்தில் எழுதி, பக்கத்தில் புதிய வடிவத்தையும் எழுதிக் கொடுங்கள். ஒரு மாலைப் பொழுது போதும். பிறகு உங்கள் வீட்டிலுள்ள பழைய கடிதம் ஒன்றை அவளையே உரக்கப் படிக்கச் சொல்லுங்கள்.