தடம் பார்க்கத் தெரிந்தவர்களின் மண்ணிலிருந்து

அன்புள்ள இளம் எழுத்தாளருக்கு,

செங்கல்பட்டுக்கும் மாமல்லபுரத்துக்கும் நடுவே ஒருவர் காணாமல் போகிறார். காக்கிச் சட்டை போடாத இன்னொருவர் அவரைத் தேடிக் கிளம்புகிறார். இதுதான் உங்கள் முதல் நாவல் என்று தெரிந்ததும் எழுதப்படும் கடிதம் இது. எழுத உட்காருமுன் ஒரு கேள்விக்கு விடை வேண்டும்: போலீஸ் கண்ணில் படாத எது உங்கள் ஆளின் கண்ணில் படும்? அது உறுதியாகத் தெரிந்துவிட்டால் நாவலில் பாதி எழுதியாயிற்று.

தமிழில் துப்பறியும் கதைக்கு நூறு வயது தாண்டிவிட்டது. வடுவூர் துரைசாமி ஐயங்காரின் திகம்பர சாமியார் மாறுவேடத்தில் எந்த வீட்டுக்குள்ளும் நுழைந்தார். 1950-இல் மாடர்ன் தியேட்டர்ஸ் அந்தக் கதையைப் படமாக எடுத்தபோது அத்தனை வேடங்களையும் எம்.என். நம்பியார் கட்டினார். தேவனின் சாம்பு வங்கி குமாஸ்தா. ஊரார் அசடு என்று நினைத்த மனிதரை அதிர்ஷ்டம் கைப்பிடித்து அழைத்துப் போயிற்று. சுஜாதாவின் கணேஷும் வசந்தும் வக்கீல்கள். கட்சிக்காரர் என்ற உறவே அவர்களுக்குக் கதவைத் திறந்துவிட்டது. ஆளுக்கொரு சாவி இருந்தது. தெருவுக்குத் தெரு கேமரா இருக்கிற காலத்தில் மாறுவேடம் எடுபடாது. அதிர்ஷ்டத்தை வைத்துக் கதை நடத்துவது தேவனுக்குக் கைவந்த கலை, எல்லோருக்கும் வராது. வாரண்டும் இல்லாமல் வக்காலத்தும் இல்லாமல் தேடப் போகிற சாதாரண ஆளுக்கு மிச்சம் இருப்பது ஒன்றுதான்: பழக்கம். மனிதர்களோடும் இடத்தோடும் உள்ள பழக்கம்.

உண்மையில் நடந்த கதை ஒன்று இதற்குச் சாட்சி. 1926 டிசம்பர் 3-ஆம் தேதி இரவு, துப்பறியும் நாவல்களால் பெயர் பெற்றுவிட்ட அகதா கிறிஸ்டி வீட்டை விட்டுக் காரில் கிளம்பினார். கார் மட்டும் தனியாகக் கிடைத்தது. ஆயிரக்கணக்கானோர் புதர் புதராகத் தேடினார்கள், விமானம்கூடப் பறந்தது. ஷெர்லக் ஹோம்ஸைப் படைத்த கானன் டாயில், கிறிஸ்டியின் கையுறையை ஆவிகளோடு பேசுகிறவரிடம் கொடுத்துக் கேட்டார். பதினோராம் நாள், ஹாரோகேட் நகர விடுதி ஒன்றில் அவர் இருப்பது தெரிந்தது. அடையாளம் கண்டுகொண்டவர்கள், அந்த விடுதியில் மாலைதோறும் வாசித்துவந்த இசைக்குழுவினர். தினம் பார்க்கிற கூடம், தினம் பார்க்கிற விருந்தினர் முகங்கள், அதில் ஒரு முகம் பத்திரிகைப் படத்தோடு ஒத்துப்போனது. விடுதிப் பதிவேட்டில் கிறிஸ்டி எழுதியிருந்த குடும்பப் பெயர் 'நீல்'. கணவர் காதலித்துக்கொண்டிருந்த பெண்ணின் பெயர் அது. ஓடி ஒளிகிறவர்கூடத் தன்னை உறுத்துவதைக் கையிலேயே எடுத்துப் போகிறார். நல்ல துப்பு என்றால் இப்படி மனத்துக்குள்ளிருந்து வர வேண்டும்.

தடயத்தைக் கண்ணால் படிக்கிற கலையைக் கற்க நீங்கள் லண்டனுக்குப் போக வேண்டாம். செங்கல்பட்டு மாவட்டத்து இருளர்களைவிட நல்ல ஆசிரியர் கிடைப்பது அரிது. வடநெம்மேலியில் 1978 முதல் இயங்கும் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்தார் நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகியவற்றைப் பிடித்து, விஷம் எடுத்து, திரும்பக் காட்டில் விடுகிறார்கள். வரப்பில் நடந்துபோகும்போது அவர்கள் எலி வளையின் வாயைப் பார்க்கும் விதத்தைக் கவனியுங்கள். வாயில் சிலந்தி வலை அறுபடாமல் இருந்தால் அண்மையில் யாரும் நுழையவில்லை. மண் வழவழப்பாகத் தேய்ந்திருந்தால் ஏதோ ஒன்று வந்து போகிறது. பக்கத்தில் உரித்த சட்டை கிடந்தால் ஆள் இன்னார் என்று தெரிந்துவிடும்.

இந்த மாவட்டத்து மாசி சடையனும் வடிவேல் கோபாலும் 2017-இல் அமெரிக்காவின் ஃபுளோரிடாவுக்கு அழைக்கப்பட்டார்கள். அங்கே பெருகிவிட்ட பர்மா மலைப்பாம்புகளை உள்ளூர்க்காரர்கள் பெரும்பாலும் வண்டியில் சாலையோரமாகப் போய்த் தேடுவது வழக்கம். இவர்கள் இறங்கி நேரே அடர்ந்த புதருக்குள் நடந்தார்கள். போய்ச் சேர்ந்த சில வாரங்களிலேயே மலைப்பாம்புகள் வரிசையாகச் சிக்கின. 2023-இல் இருவருக்கும் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. உங்கள் ஆளுக்கு நுண்ணோக்கியும் வேண்டாம், மேதைமையும் வேண்டாம். அறுபடாத சிலந்தி வலையைப் பார்க்கிற இந்தக் கண் இருந்தால் போதும்.

கடற்கரையும் அப்படியே. 2004 டிசம்பர் 26-இல் வந்த ஆழிப்பேரலை மாமல்லபுரத்தை அடுத்த சாளுவன்குப்பத்தில் ஒரு பாறையின் மேலிருந்த மணலை அரித்துப்போனது. உள்ளே கல்வெட்டு. அதில் ஒரு சுப்பிரமணியர் கோயிலைப் பற்றிய குறிப்பு இருந்தது. ஆனால் சுற்றுவட்டாரத்தில் அப்படிக் கோயில் ஏதும் கண்ணுக்குத் தெரியவில்லை. 2005-இல் தொல்லியல் துறையினர் பக்கத்து மண்மேட்டைத் தோண்டினார்கள். பல்லவர் காலக் கட்டுமானமும், அதற்கும் அடியில் அதைவிடப் பழைய செங்கல் கோயிலும் வெளிவந்தன. பெயர் இருக்கிறது, ஆள் இல்லை. பக்கத்தில் ஒரு மேடு இருக்கிறது. காணாமல் போனவரைத் தேடும் கதையின் எலும்புக்கூடு முழுவதும் இதில் இருக்கிறது.

கடலில் விழுந்த பொருள் எங்கே ஒதுங்கும் என்று எழுதப்போகிறீர்கள் என்றால், முதலில் குப்பத்துப் பெரியவர் ஒருவரிடம் கேளுங்கள். தெற்கிலிருந்து வடக்கே ஓடும் நீரோட்டத்தைத் 'தெண்டி' என்பார்கள், வடக்கிலிருந்து தெற்கே ஓடுவதை 'வன்னி' என்பார்கள். கொக்கிலமேட்டில் தொலைந்த செருப்பு வடக்கே கோவளத்துப் பக்கம் கிடைக்குமா, தெற்கே சதுரங்கப்பட்டினத்துப் பக்கம் கிடைக்குமா என்பது எந்த மாதம், எந்த ஓட்டம் என்பதைப் பொறுத்தது. இதில் தப்பு செய்தால் இந்தக் கரையில் இருக்கிற ஒவ்வொரு வாசகரும் புத்தகத்தை மூடிவிடுவார்.

சட்டத்திலும் பிழை வரக்கூடாது. 24 மணி நேரம் ஆனால்தான் புகார் எடுப்பார்கள் என்பது சினிமா வசனம், அப்படி எந்தச் சட்டமும் இல்லை. காணாமல் போனது குழந்தை என்றால் உடனே முதல் தகவல் அறிக்கை பதிய வேண்டும் என்று 2013-இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. செங்கல்பட்டு மாவட்டத்தின் வடபகுதி தாம்பரம் காவல் ஆணையரகத்தின் கீழ் வருகிறது, தெற்கே மாவட்டக் காவல், தண்டவாளத்துக்கு ரயில்வே போலீஸ். மின்சார ரயிலில் ஏறியவர் இறங்கவில்லை என்றால் புகார் எந்த நிலையத்துக்குப் போகும்? அந்த அலைச்சலிலேயே ஓர் அத்தியாயம் இருக்கிறது.

ஏழு ஆண்டுகள் ஒருவரைப் பற்றித் தகவலே இல்லை என்றால், அவர் உயிரோடு இருப்பதாகச் சொல்கிறவர்தான் அதை நிரூபிக்க வேண்டும் என்கிறது சாட்சியச் சட்டம். அந்த ஏழு ஆண்டுகளை வீட்டுக்குள்ளிருந்து பாருங்கள். குடும்ப அட்டையில் பெயரை எடுக்கச் சொன்னால் அம்மா மறுக்கிறாள். அணைந்து கிடக்கும் எண்ணுக்கு மாதாமாதம் ரீசார்ஜ் செய்கிறாள். இலங்கையின் கிளிநொச்சியில் 2017 பிப்ரவரி 20-ஆம் தேதி, காணாமல் ஆக்கப்பட்டவர்களின் தாய்மார்கள் தெருவோரம் உட்கார்ந்து போராட்டத்தைத் தொடங்கினார்கள், பிள்ளைகளின் படங்களை ஏந்தியபடி. பதில் கிடைக்காமலே அவர்களில் பலர் இறந்துபோனார்கள். இருநூறாம் பக்கத்தில் திருப்பம் வேண்டும் என்பதற்காக மட்டும் ஒரு பெண்ணைக் காணாமல் போகச் செய்யாதீர்கள். அவர் என்ன சாப்பிடுவார், யாரிடம் கடன் சொல்லியிருந்தார், எந்தப் பாட்டுக்கு வானொலியைச் சத்தமாக வைப்பார் என்பதெல்லாம் வாசகருக்குத் தெரியட்டும். அவர் இல்லாத இடம் வலிக்க வேண்டும்.

அடுத்த ஒரு வாரம் செங்கல்பட்டு சந்திப்புக்குப் போய் உட்காருங்கள். கொளவாய் ஏரிக் காற்று வாங்கியபடி, சென்னை ரயிலுக்கு வரும் சீசன் டிக்கெட்காரர்களைப் பாருங்கள். தினமும் அதே பெட்டி, அதே ஜன்னல். பூக்காரம்மாவிடம் பேச்சுக் கொடுத்து, வழக்கமாக வருகிறவர்களில் யார் நாளைக்கு வராவிட்டால் அவருக்கு உடனே தெரியும் என்று கேளுங்கள். அவர் நாலைந்து பேரைச் சொல்வார். நீல நிறப் பை வைத்திருக்கும் பெண், கனகாம்பரம் மட்டும் வாங்குகிறவர் என்று. பெரும்பாலும் பெயர் தெரிந்திருக்காது. அந்த நாலைந்து பேரில் ஒருவர் வராத காலையில் உங்கள் முதல் அத்தியாயம் தொடங்கட்டும். தேடக் கிளம்புகிறவர் அந்தப் பூக்காரம்மாவாகவே இருக்கட்டும்.

அன்புடன்.