மவுஸை விட்டுவிடலாமா?

கேள்வி: அச்சகத்தில் நாள் முழுக்கத் தமிழில் தட்டச்சு செய்கிறேன். மவுஸே தொடாமல் வேலை முடிக்கலாம், 'விஐ' எடிட்டருக்கு மாறு என்கிறான் தம்பி. மாறலாமா?
– வாசகி, ஜார்ஜ் டவுன், பினாங்கு

பதில்: அவசரப்படாதீர்கள், அம்மா. 1976இல் பில் ஜாய் 'விஐ'யை எழுதிய ஏடிஎம்-3ஏ என்ற கணினி முனையத்தில் மவுஸ் கிடையாது. எச், ஜே, கே, எல் விசைகளின் மேலேயே அம்புக்குறிகள் அச்சிட்டிருந்தன. அவையே இடம், கீழ், மேல், வலம் நகர்த்தும் கட்டளைகள் ஆயின. தமிழ்99 விசைப்பலகையிலோ அதே நான்கும் க, ப, ம, த! 'விஐ'யில் எழுத ஒரு நிலை, கட்டளைக்கு வேறு நிலை. கட்டளை கொடுக்க ஒவ்வொரு முறையும் ஆங்கிலத்துக்குத் தாவ வேண்டும். மறந்தால் எடிட்டர் சொன்னதைக் கேட்காது. மவுஸுக்குக் கை நீட்டுவதைவிட இது பெரிய தொல்லை. ('விஐ'யின் மேம்பட்ட வடிவமான 'விம்'மில் எழுதும் நிலைக்கு மட்டும் தமிழை வைக்கும் 'கீமேப்' வசதி உண்டு. தம்பி அதை அமைத்துத் தந்தால் முயன்று பாருங்கள்.)

இப்படி நிலை மாறி மாறி வேலை செய்வது எழுதுபவரைக் குழப்பும் என்று 1970களிலேயே வாதாடியவர் ஜெராக்ஸ் பார்க் ஆய்வகத்தின் லாரி டெஸ்லர். அவர் பக்கம்தான் நான். இப்போதைய எடிட்டரிலேயே கண்ட்ரோலும் அம்பும் சேர்த்து அழுத்துங்கள், ஒரு சொல் தாண்டும். ஷிஃப்டும் சேர்த்தால் அந்தச் சொல் தேர்வாகும். பத்தி தாண்டிப் போக மவுஸ் இருக்கட்டும்.