லினக்ஸ் கணனியில் வலைச் சேவையகம்: எதைத் திறப்பது, எதைப் பூட்டுவது?

கிராமங்களில் இயங்கும் நிலையங்கள் பலவற்றில், வேலை குறைந்துபோன பழைய கணனி ஒன்றாவது துணி போர்த்தியபடி மூலையில் இருக்கும். அதைக் கொண்டு பிள்ளைகளுக்குப் பாடநூல்களையும் கடந்தகால வினாத்தாள்களையும், கமக்காரருக்குப் பயிர்ச்செய்கைக் கையேடுகளையும் அவரவர் கைத்தொலைபேசியிலேயே, ஒரு சதம் இணையச் செலவுமின்றிக் காட்டலாம். இதற்கு வேண்டியவை லினக்ஸ் இயங்குதளம், வலைச் சேவையகம் எனப்படும் மென்பொருள், சாதாரண வைஃபை ரவுட்டர் ஆகிய மூன்றே. முதல் இரண்டும் இலவசம். அதனை அமைக்கும் முறையை இங்கு விளக்குகிறோம். நாம் அமைத்தபோது விட்ட தவறொன்றையும் சேர்த்தே எழுதுகிறோம். ஏனெனில் அத்தவறினால் தலைகுனிய நேர்ந்தது எமக்கல்ல, சங்கத்து அங்கத்தவர் ஒருவருக்கு.

சேவையகம் செய்யும் வேலை மிக எளிமையானது. கைத்தொலைபேசியிலுள்ள உலாவி ஒரு கோப்பைப் பெயர் சொல்லிக் கேட்கிறது. சேவையகம் தனக்கெனக் குறித்துக் கொடுக்கப்பட்ட கோப்புறையில் அதைத் தேடுகிறது. இருந்தால் 200 என்ற குறியோடு கொடுக்கிறது. இல்லாவிட்டால் 404 என்று விடையளிக்கிறது. இருந்தும் கொடுக்க அனுமதி இல்லையாயின் 403 என்கிறது. சங்கக்கடையில் கூப்பனை நீட்டிச் சாமான் வாங்குவதைப் போன்றதுதான். ஆனால் கடை முகாமையாளர் கேட்கும் ஆளின் முகத்தைப் பார்ப்பார், யாருடைய பிள்ளை என்று யோசிப்பார். சேவையகம் முகம் பார்ப்பதில்லை. கோப்புறையில் இருப்பதை, யார் கேட்டாலும் கொடுத்துவிடும். வாசகர்கள் இந்த ஒன்றை மனதில் இருத்திக்கொண்டால் பாடத்தின் மிகுதி முழுவதும் இலகுவாகிவிடும்.

முதலாவது வலைச் சேவையகம் 1990 ஆம் ஆண்டின் இறுதியில், ஜெனீவா நகருக்கு அருகேயுள்ள சேர்ன் ஆய்வுகூடத்தில் ரிம் பேர்ணர்ஸ் லீ என்பவரின் மேசைக் கணனியில் இயங்கியது. இது சேவையகம், மின்சாரத்தை நிறுத்த வேண்டாம் என்ற கருத்தில் சிவப்பு மையால் எழுதிய துண்டொன்றை அவர் அதில் ஒட்டியிருந்தார். (எமது நிலையத்திலும் அப்படியொரு துண்டை ஒட்டவேண்டி வந்தது. மாலை வழிபாடு முடிந்து விளக்கணைக்க வருபவர் கணனியையும் சேர்த்து அணைத்துவிட்டுப் போவார்.) 1991 இல் பின்லாந்து மாணவரான லினஸ் ரோர்வால்ட்ஸ் லினக்ஸைத் தொடங்கினார். 1995 இல் அப்பாச்சி என்ற சேவையக மென்பொருள் வெளிவந்தது. 2004 இல் வந்த எஞ்சின் எக்ஸ் என்பதும் சிறந்ததே. நாம் அப்பாச்சியைத் தெரிந்தெடுத்தோம். விளக்கக் குறிப்புகள் நிறைய உள்ளமையும், எம்மிடம் பயில வந்த இளைஞர்களுக்கு அது முன்பே சற்றுப் பழக்கமாயிருந்தமையுமே காரணம்.

ஊருக்குள்ளேயே ஒரு சேவையகம் எதற்கு, எல்லாம்தான் இணையத்தில் இருக்கின்றனவே என்று கேட்பவர்கள் உண்டு. 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்குப் 13 மணி நேரம் வரை மின்வெட்டு இருந்ததையும், மின்சாரம் நின்றதும் தொலைபேசிக் கோபுரங்கள் சில ஓய்ந்துபோனதையும் நாம் மறக்கவில்லை. பெரிய பாடநூற் கோப்பொன்றை நாற்பது பிள்ளைகள் தனித்தனியே இறக்கினால் நாற்பது வீட்டுச் செலவு. ஒருவர் ஒருமுறை இறக்கிச் சேவையகத்தில் வைத்தால் போதும். இந்த எண்ணம் எமது நாட்டுக்குப் புதிதுமன்று. 1990களின் பிற்பகுதியில் கொத்மலை சமூக வானொலி, யுனெஸ்கோவின் ஆதரவுடன், நேயர்கள் கேட்டவற்றை இணையத்தில் தேடி ஒலிபரப்பில் விளக்கியது. ஓர் இணைப்பு, பல வீடுகளுக்குப் பயன்.

இனி அமைக்கும் முறை. கட்டளைகளும் கோப்புப் பெயர்களும் கணனியில் ஆங்கில எழுத்திலேயே தட்டப்பட வேண்டும். இங்கே அவற்றின் ஒலிப்பை மட்டும் தமிழில் தருகிறோம்.

லினக்ஸ் வகைகளுள் டெபியன் என்பதை நிறுவுங்கள். அது பழைய கணனிக்கு ஏற்றது. வெறும் கோப்புகளை வழங்குவதற்கு 2 ஜிகாபைற் நினைவகம் தாராளமாகப் போதும். நிறுவிய பின் மென்பொருட் களஞ்சியத்திலிருந்து அப்பாச்சி 2 என்ற பொதியை இறக்கி நிறுவ வேண்டும். இணைய இணைப்பு தவறாது தேவைப்படுவது இந்தக் கட்டத்திலும், பின்னர் காலத்துக்குக் காலம் பாதுகாப்புத் திருத்தங்களைப் பெறும்போதும்தான். நிறுவியவுடன் அப்பாச்சி தானாகவே இயங்கத் தொடங்கி 80 ஆம் இலக்க வாயிலில் காத்திருக்கும். அதே கணனியின் உலாவியில் லோக்கல்ஹோஸ்ற் என்று தட்டினால் வரவேற்புப் பக்கம் தோன்றும்.

அப்பக்கம் இருக்கும் இடம் வார் என்ற கோப்புறைக்குள், டபிள்யூ மூன்றைக் கொண்ட கோப்புறைக்குள், எச்.ரி.எம்.எல். என்ற கோப்புறை. இதுவே நாம் மேலே கூறிய, குறித்துக் கொடுக்கப்பட்ட கோப்புறை. இதை இனிக் கடைத்தட்டு என்போம். இதில் பாடநூல், வேளாண்மை, சுகாதாரம் என்று உட்கோப்புறைகளை ஆக்கிக் கோப்புகளை இடுங்கள். ஒவ்வொன்றிலும் இன்டெக்ஸ் என்ற பெயருடைய முகப்புப் பக்கமொன்றை எழுதி வைப்பது அவசியம். ஏன் அவசியம் என்பதைப் பின்னர் காண்போம்.

கைத்தொலைபேசிகள் கணனியைக் கண்டுபிடிக்க அதன் முகவரி மாறாதிருக்க வேண்டும். ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தில் இக்கணனிக்கென 192.168.1.10 போன்ற ஓர் ஐ.பி. முகவரியை ஒதுக்கி, அதைப் பெரிய எழுத்தில் எழுதிச் சுவரில் ஒட்டிவிடுங்கள். வெளி இணையத்திலிருந்து வரும் கேள்விகளை உள்ளே திருப்பி அனுப்பும் வசதியும் ரவுட்டரில் உண்டு. அதைத் தொடவே வேண்டாம்.

இவ்வளவும் ஒரு பகற்பொழுதில் முடிந்துவிடும். எமக்கும் முடிந்தது. தவறு அதன் பின்னரே நிகழ்ந்தது.

மாதர் சங்கத்தின் கடன் பேரேட்டைச் செயலாளர் அட்டவணைக் கோப்பாகத் தட்டச்சுச் செய்து வைத்திருந்தார். அதை ஒரு மடிக்கணனியிலிருந்து இன்னொன்றுக்கு மாற்ற வேண்டியிருந்தது. எப்போதும் இயங்கிக்கொண்டிருப்பது சேவையகக் கணனிதானே என்று, எம்மில் ஒருவர் கடைத்தட்டுக்குள் தற்காலிகம் என்றொரு கோப்புறையை ஆக்கிக் கோப்பை அதில் இட்டார். ஒரு பின்னேரத்துக்கு மட்டும் என்பதே எண்ணம். ஆறு வாரங்கள் அது அங்கே கிடந்தது.

சாதாரண தரக் கணித வினாத்தாளைத் தேடிய மாணவனொருவன், முகவரியின் கடைசிப் பகுதியை அழித்துவிட்டு ஒரு படி மேலே போய்ப் பார்த்திருக்கிறான். கெட்ட நோக்கமில்லை. கதவு திறந்திருந்தால் எட்டிப் பார்க்கிற வயதுதான். கடைத்தட்டிலிருந்த கோப்புறைகளின் பெயர்கள் வரிசையாகத் திரையில் தோன்றின. தற்காலிகம் என்பதை அழுத்தினான். உள்ளே முகப்புப் பக்கம் எதுவும் இல்லாததால் அங்கிருந்த கோப்பின் பெயரும் தெரிந்தது. அதில் அங்கத்தவர் பெயர், கடன் தொகை, நிலுவை ஆகியவற்றோடு, தவணை தவறிய காரணத்தைச் செயலாளர் எழுதி வைத்த குறிப்பும் இருந்தது. ஒரு தாயின் பெயருக்கு நேரே இருந்த குறிப்பு அவருடைய வீட்டுக்குள் மட்டும் அறியப்பட வேண்டியது. ஒரு கிழமைக்குள் அது கடைத்தெருவில் பேசப்பட்டது. அவர் கூட்டங்களுக்கு வருவதை நிறுத்திக்கொண்டார்.

நாம் மன்னிப்புக் கேட்க அவர் வீட்டுக்குப் போனபோது அவர் கேட்டது ஒன்றுதான்: "அந்தப் பெட்டிக்குள்ள என்ர பேரை வைக்கச் சொல்லி ஆர் உங்களுக்குச் சொன்னது?" எம்மிடம் மறுமொழி இருக்கவில்லை.

நடந்ததை ஆராய உதவியது அப்பாச்சி தானே எழுதிவரும் பதிவேடு. வார் கோப்புறைக்குள் லொக் என்ற கோப்புறையிலிருக்கும் இப்பதிவேட்டில், எந்த முகவரியிலிருந்து, எந்நேரத்தில், எக்கோப்பு கேட்கப்பட்டது, என்ன குறியோடு விடை போனது என்பவை வரிவரியாக இருக்கும். அப்பேரேடு ஐந்து வெவ்வேறு கைத்தொலைபேசிகளுக்குப் போயிருந்தது. அவை யாருடையவை என்பதையோ, அங்கிருந்து எத்தனை பேருக்கு அனுப்பப்பட்டன என்பதையோ பதிவேடு சொல்லாது. கோப்பை நாம் அழித்தோம். வெளியே போன பிரதிகளை அழிக்க எவராலும் முடியாது.

இதன் தொழில்நுட்பக் காரணம் ஒரு சொல்லில் அடங்கியிருந்தது. ஈ.ரி.சி. என்ற கோப்புறைக்குள் அப்பாச்சி 2 என்ற கோப்புறையில் அதன் தலைமை அமைப்புக் கோப்பு உள்ளது. அதில் கடைத்தட்டைப் பற்றிய பகுதியில் ஆப்ஷன்ஸ் என்று தொடங்கும் வரியொன்று உண்டு. டெபியனில் அவ்வரியில் இன்டெக்சஸ் என்ற சொல் முன்னதாகவே எழுதப்பட்டே வருகிறது. முகப்புப் பக்கம் இல்லாத கோப்புறையைக் கேட்டால் உள்ளே இருப்பவற்றின் பெயர்ப்பட்டியலைக் காட்டு என்பது அதன் பொருள். அச்சொல்லை நீக்கிவிட்டால் பட்டியலுக்குப் பதிலாக 403 வரும். மாற்றம் செய்தபின் உடனே சேவையகத்தை நிறுத்தித் தொடக்க வேண்டாம். கொன்ஃபிக்ரெஸ்ற் என்ற சோதனைக் கட்டளை உண்டு. அது பிழையில்லை என்று சொன்ன பின்பு அமைப்பை மீள வாசிக்கச் செய்யுங்கள். ஓர் அடைப்புக்குறி தவறினாலும் சேவையகம் எழும்பாது.

ஆயினும், பட்டியலை மறைப்பது மட்டும் போதும் என்று நினைத்துவிடலாகாது. கோப்பின் பெயரை அறிந்தவரோ ஊகித்தவரோ நேரே கேட்டால் சேவையகம் தயங்காமல் கொடுக்கும். பொதுவில் காட்டக்கூடாத எதுவும் கடைத்தட்டுக்குள் ஒரு நிமிடமும் இருக்கக்கூடாது. கடவுச்சொல் கேட்கும்படி ஒரு கோப்புறையைப் பூட்டவும் அப்பாச்சியில் வழி உண்டு. ஆனால் மறைகுறியாக்கம் இல்லாத இணைப்பில் அக்கடவுச்சொல் திறந்தபடியே காற்றில் போகும். வெளி இணையத்திலுள்ள தளங்களுக்கு 2015 முதல் லெற்ஸ் என்கிறிப்ற் என்ற அமைப்பு இலவசச் சான்றிதழ் வழங்கிவருகிறது. 192.168 என்று தொடங்கும் உள்ளூர் முகவரிக்கு அது கிடைக்காது. ஆகவே எமது முடிவு, கடன், மருத்துவம், குடும்பப் பிணக்கு சம்பந்தமான எதுவும் இக்கணனியிலேயே இருக்கலாகாது என்பதுதான். 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தைச் சங்கங்களை நடத்துவோர் ஒருமுறையாவது வாசித்தல் நல்லது.

அனுமதி இலக்கங்களையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். லினக்ஸில் ஒவ்வொரு கோப்புக்கும் மூன்று இலக்கங்கள் உண்டு: உரியவருக்கு ஒன்று, குழுவுக்கு ஒன்று, மற்றையோருக்கு ஒன்று. வாசிக்க 4, எழுத 2, இயக்க 1 என்று கூட்டிக்கொள்ள வேண்டும். கோப்புகளுக்கு 644, கோப்புறைகளுக்கு 755 என்று வைத்தால் உரியவர் மட்டுமே மாற்றலாம், மற்றையோர் வாசிக்கலாம். ஏதும் திறக்கவில்லையென்று உதவி கேட்டால், 777 என்று போடு எல்லாம் சரிவரும் என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். அது எல்லாருக்கும் எல்லாம் செய்ய இடங்கொடுப்பது. வீட்டுத் திறப்பு தொலைந்ததென்று கதவைக் கழற்றி வைப்பதற்குச் சமன்.

தமிழ் எழுத்து விடயத்தில் பலரும் இடறுவார்கள். எம்மவர் பல ஆண்டுகள் பாமினி எழுத்துருவில் தட்டச்சுச் செய்த ஆவணங்கள் கைத்தொலைபேசியில் பொருளற்ற ஆங்கில எழுத்துகளாகவே தெரியும். இது சேவையகத்தின் குற்றமன்று. பாமினியில் தமிழெழுத்துகள் ஆங்கில எழுத்துகளின் இடங்களிலேயே வைக்கப்பட்டிருந்தன. அவற்றை யூனிகோட்டுக்கு மாற்றிய பின்பே ஏற்ற வேண்டும். மாற்றிய பக்கங்களும் குழம்பித் தெரிந்தால், அமைப்புக் கோப்புகளுள் சார்செற் என்பதில் யூ.ரி.எஃப். 8 என்ற வரிக்கு முன்னுள்ள தடைக்குறியை நீக்குங்கள்.

மின்வெட்டுக்குச் சிறிய யூ.பி.எஸ். ஒன்று இருந்தால் நல்லது. இல்லாவிடினும், மின்சாரம் மீண்டதும் தானாக இயங்கும்படி கணனியின் அடிப்படை அமைப்பில் மாற்றிவிடலாம். அப்பாச்சி அதனோடு சேர்ந்து எழும்பும். கோப்புகளின் பிரதியொன்று வெளித்தட்டில் வேறிடத்தில் இருக்கட்டும்.

இப்போது எமது நிலையத்தில் புதிய கோப்பெதையும் ஒருவர் தனியே ஏற்றுவதில்லை. இருவர் பார்த்து, குறிப்புப் புத்தகத்தில் திகதியும் கோப்பின் பெயரும் எழுதிய பின்பே ஏற்றப்படும். மாதந்தோறும் கடைத்தட்டிலுள்ளவற்றை அப்புத்தகத்தோடு ஒப்பிடுகிறோம். கடன் பேரேடு, வலையமைப்போடு இணைக்கப்படாத மடிக்கணனியில் செயலாளரின் அலுமாரிக்குள் இருக்கிறது. அதில் பெயர்களுக்குப் பதிலாக அங்கத்துவ இலக்கங்களே உள்ளன. காரணம் எழுதும் நிரல் நீக்கப்பட்டுவிட்டது. அதை நீக்கும்படி கேட்டவர் அந்தத் தாய்தான். ஐந்து மாதங்களின் பின் கூட்டத்துக்கு வந்தவர், கையெழுத்திடுமுன் அப்பேரேட்டைத் தமக்குக் காட்டும்படி கேட்டு, வரிவரியாக வாசித்துவிட்டே கையெழுத்திட்டார்.